வார்டுப் பூங்காவைச் சீரமைக்க: முதலில் வாட்டம், பிறகுதான் வண்ணம்

தெருக்காரர்கள் நாலு பேர் கூடி "நம்ம பூங்காவுக்கு ஏதாவது செய்யணும்" என்று பேசத் தொடங்கினால், பேச்சு சீக்கிரமே சுவர் ஓவியத்துக்கும் புது பெஞ்சுக்கும் போய்விடும். இரண்டும் வேண்டியவைதான். ஆனால் ஐப்பசி மழையில் நடைபாதை கணுக்கால் தண்ணீரில் முழுகிக் கிடந்தால் அந்த பெஞ்சுக்குப் போக வழியிருக்காது. தண்ணீரை வெளியேற்றப் பாதையைத் தோண்டினால், புதிதாகப் போட்ட எல்லாமே கூடவே பெயர்ந்து வரும். அதனால் வேலையின் வரிசை இதுதான்: தண்ணீர் (அது ஓடிப்போகும் சரிவுதான் வாட்டம்), பாதை, மரம், விளக்கு, அதன் பிறகு மற்றவை. இதை மாற்றிச் செய்த பூங்காக்களில் ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் போயிருக்கிறது.

இங்கே சொல்லும் முறைகள் சென்னை மாநகராட்சியின் சிறு பூங்காக்களை, அதாவது கால் ஏக்கர் முதல் ஒரு ஏக்கர் வரை உள்ளவற்றை, மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வேறு ஊரில் இருப்பவர்கள் மண்ணையும் மழையையும் பார்த்து அளவுகளை மாற்றிக்கொள்ளலாம்.

இடம் யாருடையது?

பூங்கா என்று பலகை இருந்தாலே அது மாநகராட்சியுடையது என்று எண்ணிவிட வேண்டாம். வீட்டு வசதி வாரியக் குடியிருப்புக்குள் இருக்கலாம், குடிநீர் வாரிய நிலமாக இருக்கலாம், மனைப்பிரிவு போட்டவர் ஒதுக்கிக் கொடுத்த திறந்தவெளியாக இருக்கலாம். தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாகத் தானப் பத்திரம் எழுதி ஒப்படைக்க வேண்டும். மண்டல அலுவலகத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்தப் பத்திரம் உங்கள் இடத்துக்கு இருக்கிறதா என்பது. இல்லையென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்பு அதைத்தான் தீர்க்க வேண்டும். உரிமை உறுதியாகாத இடத்துக்கு எந்தப் பொறியாளரும் எஸ்டிமேட் போட மாட்டார்.

அடுத்த கேள்வி, பராமரிப்பு யாரிடம் இருக்கிறது என்பது. பல பூங்காக்களைப் பராமரிப்பது ஒப்பந்ததாரர்கள். எத்தனை பணியாளர்கள், எத்தனை மணி நேரம், வாரத்துக்கு எத்தனை முறை தண்ணீர், எதைப் பழுது பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒப்பந்தத்தில் இருக்கும். கேட்டுக் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ஒப்பந்தத்தில் ஏற்கெனவே உள்ள வேலையைப் புதுக் கோரிக்கையாக எழுதினால், அதற்கு நிதி இல்லை என்ற பதில்தான் வரும்.

இரண்டு வாரம் வெறுமனே பாருங்கள்

காலை 6 மணி, பகல் 11, மாலை 5, இரவு 7.30. இந்த நாலு நேரத்திலும் கால் மணி நேரம் கேட்டருகே நின்று எண்ணுங்கள். வார நாள் இரண்டு, ஒரு ஞாயிறு போதும். ஆண், பெண், குழந்தை, கோலூன்றி வருபவர் என்று கோடு போட்டுக்கொண்டு போங்கள். வருபவர்களைவிட வராதவர்களே முக்கியம். இரவு 7.30-க்குப் பெண்கள் பத்தியில் ஒரு கோடும் விழவில்லை என்றால் காரணம் அநேகமாக விளக்கு, கழிவறை, அல்லது பின்பக்கத்து இருட்டு மூலை. அந்த மூலையை உங்களுக்குக் காட்டக்கூடியவர்கள் காவலாளி அண்ணனும் தினம் பெருக்கும் அக்காவும்தான். எந்தக் குழாயில் தண்ணீர் வராது, எந்தக் கம்பத்தில் மழைக்காலத்தில் கை வைக்கக் கூடாது என்பது அவர்களுக்கு மனப்பாடம். அவர்களிடம் கேட்காமல் போடும் திட்டம் பாதித் திட்டம்தான்.

தண்ணீர்: பூங்காவின் வாட்டத்தைக் கண்டுபிடிப்பது

பெரிய மழை விட்ட ஒரு மணி நேரத்தில் ஒரு பை சுண்ணாம்புத் தூளோடு உள்ளே போங்கள். தேங்கிய குட்டை ஒவ்வொன்றின் விளிம்பிலும் கோடு போட்டு, செல்பேசியில் படம் எடுத்து, வெள்ளைத்தாளில் வரைந்த வரைபடத்தில் குறியுங்கள். மறுநாள் அதே நேரத்தில் போய் எவை வற்றியிருக்கின்றன என்று பாருங்கள். ஒரு நாளைக்கு மேல் நிற்பவைதான் உங்கள் எதிரிகள். அவை அப்படியே நின்றுகொண்டிருந்தால், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும்.

மழைக்காலம் இல்லையென்றால் மட்டக்குழாய் இருக்கிறது. கொத்தனார்கள் தினமும் பயன்படுத்தும் கருவி, விலை சொற்பம். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் 15 மீட்டர் வாங்கி, காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். ஒரு முனையை ஒருவர் கேட்டருகேயும் மறு முனையை இன்னொருவர் மூலையிலும் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். தரையிலிருந்து அந்தத் தண்ணீர்க் கோடு எவ்வளவு உயரம் என்று இரண்டு பக்கமும் அளங்கள். கேட்டில் 92 செ.மீ., மூலையில் 107 செ.மீ. என்றால் மூலை 15 செ.மீ. பள்ளம். எண் பெரிதாக இருக்கும் பக்கம்தான் தாழ்வு. புதியவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு மேட்டில் குழி வெட்டிவிடுவது வழக்கம். நடுவில் குமிழி ஒன்று மாட்டிக்கொண்டாலும் அளவு பொய்யாகிவிடும். அதனால் அளப்பதற்கு முன் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து மட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்தது மண். ஓர் அடி ஆழம், ஓர் அடி அகலத்தில் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி, முழுதும் உறிஞ்சட்டும் என்று விடுங்கள். மறுபடி நிரப்பி ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோர மணலில் தண்ணீர் கண்முன்னே இறங்கும். களிமண் பகுதியில் அசையாமல் நிற்கும். மணிக்கு 2.5 செ.மீ.க்கு மேல் இறங்கினால் மேலோட்டமான பள்ளங்களே போதும். ஒரு செ.மீ.கூட இறங்காவிட்டால் களியைத் தாண்டி மணல் அடுக்குவரை போகும் உறைகிணறு வேண்டும், அதோடு மிகைநீர் தெருவின் மழைநீர் வடிகாலுக்குப் போக வழியும் வேண்டும்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் பெய்யும் ஒரு மி.மீ. மழை ஒரு லிட்டர். 150 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலமுள்ள பாதை 300 சதுர மீட்டர். அதன்மேல் 50 மி.மீ. மழை பெய்தால் 15,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஒன்றுக்கும் மேல். இதைக் கையளவு குழிக்குள் அனுப்பப் பார்ப்பதுதான் பலர் செய்யும் தவறு. ஒரு மீட்டர் நீள அகலமும் ஒன்றரை மீட்டர் ஆழமும் உள்ள குழியில் ஜல்லியை நிரப்பிவிட்டால், இடுக்குகளில் தங்குவது ஏறக்குறைய 600 லிட்டர்தான். மூன்றடி விட்டமுள்ள உறை, பதினைந்தடி ஆழக் கிணறு என்றால் 3,000 லிட்டர். ஆனால் 50 சதுர மீட்டர் செடிப்பாத்தியைச் சுற்றுத் தரையைவிட 20 செ.மீ. தாழ்த்திவிட்டால் 10,000 லிட்டர் அதிலேயே நிற்கும். செலவும் மண்வெட்டிக் கூலி மட்டும்தான். நம் பூங்காக்களில் செடிப்பாத்திகளை மேடாக்கி, சுற்றிச் செங்கல் கட்டி, பாதையைப் பள்ளமாக விடுகிறார்கள். அதைத் தலைகீழாக்கினால் தண்ணீர்ப் பிரச்சினையில் பாதி தீரும்.

உறைகிணறு வெட்டினால் அதற்கு முன்னால் இரண்டடிக்கு இரண்டடி வண்டல் தொட்டி ஒன்று கட்டாயம். அது இல்லாத கிணறு இரண்டு மழைக்காலத்தில் தூர்ந்துவிடும். கழிவறைத் தொட்டிக்குப் பக்கத்தில் வெட்டாதீர்கள். மூடி குழந்தைகளால் தூக்க முடியாத கனத்தில் இருக்கட்டும்.

நடைபாதை

அகலம் 1.8 மீட்டருக்குக் குறையக் கூடாது. இருவர் பேசிக்கொண்டு நடக்கும்போது மூன்றாமவர் தாண்டிப் போக 2 மீட்டர் வேண்டும். தலைக்கு மேல் 2.2 மீட்டர்வரை கிளை, பலகை எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நுழைவாயிலில் மாட்டையும் வண்டியையும் தடுக்க வைக்கும் சுழற்கதவு சக்கர நாற்காலியையும் சேர்த்தே தடுத்துவிடுகிறது. பக்கத்தில் 90 செ.மீ. அகலத்துக்குத் தடையில்லாத வழி விடுங்கள். படி இருக்கும் இடத்தில் சாய்தளம் 1-க்கு 12, அதாவது 15 செ.மீ. ஏற 1.8 மீட்டர் நீளம்.

மேல்தளமாக நம்மிடம் இருக்கும் தேர்வுகள் முக்கியமாக இரண்டு: கிராவல் மண், பேவர் பிளாக். மூட்டுக்கு இதமானதும் தண்ணீரை விடுவதும் கிராவல். ஆனால் ஆண்டுதோறும் மழைக்குப் பிறகு மேல்பூச்சு வேண்டும், பராமரிப்பு ஆள் உறுதியாக இருக்கும் பூங்காவுக்கு மட்டும்தான் சரிப்படும். டைல்ஸ் வேண்டவே வேண்டாம். ஈரத்தில் முதியவர்கள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவது இதில்தான்.

பேவர் பிளாக் என்றால் நடப்பதற்கு 60 மி.மீ. கனம் போதும். மேலே உள்ள கல்லைவிட அடியில் போடுவதுதான் முக்கியம். வேர் இல்லாத இடத்தில் 20 செ.மீ. தோண்டி, மண்ணை நனைத்து, அதிர்வு கம்பாக்டரால் இறுக்க வேண்டும். பிறகு 10 செ.மீ. ஜல்லிக்கலவை போட்டு மறுபடி இறுக்க வேண்டும். அதன்மேல் 3 செ.மீ. மணல். இதை இறுக்கக் கூடாது, சட்டத்தால் மட்டம் இழுத்தால் போதும். மேலே சொன்ன 300 சதுர மீட்டருக்கு ஜல்லிக்கலவை இறுகிய அளவில் 30 கன மீட்டர். லாரியில் தளர்வாக வரும்போது கால் பங்கு கூடுதலாகச் சேர்த்து 13 யூனிட் சொல்லுங்கள். மணல் 4 யூனிட். யூனிட் என்பது 100 கன அடி.

குறுக்கு வாட்டம் 50-க்கு 1. இரண்டு மீட்டர் பாதையில் ஒரு விளிம்பு மற்றதைவிட 4 செ.மீ. தாழ்ந்து, தாழ்த்திய பாத்திப் பக்கம் சாய வேண்டும். மேஸ்திரி "கண்ணாலயே பாத்துக்கலாம் சார்" என்பார். ரசமட்டத்தை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வாட்டம் ஜல்லி அடுக்கிலேயே வந்துவிட வேண்டும். மணலைக் கூட்டிக் குறைத்து வாட்டம் கொடுத்தால் மணல் தடித்த பக்கம் ஆறே மாதத்தில் இறங்கும்.

பேவர் பாதை கெட்டுப்போவது எப்போதும் ஓரத்திலிருந்துதான். ஓரக்கல் கான்கிரீட்டில் உட்காராவிட்டால் கடைசி வரிசை அரை விரல்கடை வெளியே நகரும். உள் வரிசைகளின் இடுக்கு அகலும், மணல் கழுவிப் போகும், ஒரு கல் ஆடத் தொடங்கும். மழை நாளில் அதை மிதித்தால் கால்சட்டையில் சேறு தெறிக்கும். அந்தத் தெறிப்பைக் கண்ட வாரமே அந்தச் சதுர மீட்டரைப் பெயர்த்து மறுபடி போட்டால் அரை நாள் வேலை. ஓர் ஆண்டு விட்டால் பத்து மீட்டர் போய்விடும். இடுக்குகளில் உலர்ந்த மெல்லிய மணலைப் பெருக்கி நிரப்ப வேண்டும், சிமென்ட் பால் ஊற்றக் கூடாது. ஊற்றினால் தண்ணீர் இறங்காது, வெயிலில் விரிந்து வெடிப்பும் விடும்.

எட்டு வடிவப் பாதையும் கூழாங்கல் பாதையும் இன்று எல்லாப் பூங்காவிலும் கேட்கப்படுகின்றன. போடலாம். கூழாங்கல் பாதைக்குக் கைப்பிடிக் கம்பி வேண்டும், பக்கத்தில் ஒரு பலகையும் வேண்டும்: சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலில் இதில் நடக்கக் கூடாது. கல் குத்திப் புண்ணானது அவர்களுக்குத் தெரியாமலே போகும்.

மரம்

பெரிய மரத்தைச் சுற்றிப் பாதை போகும் இடத்தில் தோண்டவே தோண்டாதீர்கள். உறிஞ்சு வேர்களில் பெரும்பகுதி மேல் இரண்டடி மண்ணில்தான் இருக்கிறது. அங்கே தரைக்கு மேல் கிராவலைப் பரப்பிப் பாதையைச் சற்று உயர்த்திக்கொண்டு போகலாம், அல்லது வளைத்துக்கொண்டு போகலாம். அடிமரத்திலிருந்து குறைந்தது ஒரு மீட்டருக்கு சிமென்ட் கூடாது. டெல்லி மரங்களுக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் விதித்த அளவும் இதுவே. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் விழுந்த மரங்களின் அடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வேர் ஒரு பக்கம் வெட்டுப்பட்டும், சிமென்ட் பெட்டிக்குள் சுருண்டும் கிடந்தவை ஏராளம். அன்று அதிகம் சாய்ந்தவை மயில்கொன்றை, இயல்வாகை, தூங்குமூஞ்சி போன்ற வெளியிலிருந்து வந்த வகைகள்.

நடுவதற்குப் புங்கன், வேம்பு, மகிழம், பூவரசு நல்லவை. தண்ணீர் நிற்கும் பள்ளத்துக்கு நீர்மருது, கடலோரத்துக்குப் புன்னை. நாவல் அருமையான மரம், ஆனால் பாதையிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி. பழம் உதிரும் காலத்தில் பாதை முழுதும் வழுக்கும். கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு அலங்கார மரம் வேண்டாம். பாதையின் மேற்கு ஓரத்தில் முதலில் நடுங்கள். மாலை நாலரைக்கு வரும் முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் நிழல் அந்தப் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும்.

குழி இரண்டடிக்கு இரண்டடி, ஆழமும் இரண்டடி. தோண்டிய மேல்மண், மணல், மக்கிய தொழுவுரம் சம பங்கு, கால் கிலோ வேப்பம் புண்ணாக்கு. கன்று ஆறடியாவது இருக்கட்டும். பாலித்தீன் பையை முழுதும் கிழித்து எடுங்கள். அடியில் வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் கத்தியால் மூன்று இடத்தில் மேலிருந்து கீழாகக் கீறி விரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த வட்டம் அப்படியே தடித்துப் பத்தாண்டு கழித்து மரத்தின் கழுத்தையே நெரிக்கும். கம்புக்குச் சணல் கயிற்றால் எட்டுப் போட்டுக் கட்டுங்கள், கம்பி வேண்டாம். ஆவணி கடைசியில் நட்டால் பெருமழைக்கு முன் வேர் பிடிக்கும். முதல் இரண்டு கோடைக்கு வாரம் மூன்று முறை 15 லிட்டர். யார் ஊற்றுவார் என்ற பெயர் நோட்டில் எழுதப்படாத கன்றை நடாதீர்கள். சித்திரையில் அது காய்ந்து நிற்பதைப் பார்க்க மனம் தாங்காது.

பாதைக்கு இடைஞ்சல் என்று இருக்கும் மரத்தை வெட்ட யாரும் தாமாக முடிவெடுக்க முடியாது. அரசு நிலத்து மரத்துக்கு மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும்.

விளக்கும் மின்சாரமும்

உயரமான ஒரே கம்பத்தில் கண்ணைக் கூசும் வெள்ளை விளக்கு வைத்தால் அதன் கீழே பகலாகவும் மரத்தடியில் கும்மிருட்டாகவும் இருக்கும். அதைவிட 3.5 மீட்டர் கம்பங்கள், 12 மீட்டர் இடைவெளி, மஞ்சள் சாயலுள்ள 3000 கெல்வின் எல்.இ.டி. நல்லது. விளக்கு இலைக்கூட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

இதில் உயிர் சம்பந்தப்பட்டது ஒன்று உண்டு. ஒவ்வொரு கம்பத்துக்கும் எர்த்திங் இருக்க வேண்டும், மெயின் போர்டில் மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும். கம்பத்தின் இணைப்புப் பெட்டி தண்ணீர் தேங்கும் மட்டத்துக்கு மேல், முழங்காலுக்கும் உயரத்தில் மூடியோடு இருக்க வேண்டும். ஆர்.சி.சி.பி.யில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தினால் மின்சாரம் சட்டென்று நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அன்றே மாநகராட்சியின் 1913 தொலைபேசி எண்ணில் புகார் பதிவு செய்து, மாற்றும்வரை விளக்கே எரிய வேண்டாம் என்று சொல்லுங்கள்.

விளையாட்டுப் பகுதிக்கு இரண்டு குறிப்பு. சறுக்குமரம் இரும்பானால் வடக்குப் பார்த்து வையுங்கள், மேற்குப் பார்த்தால் மாலையில் தொடை சுடும். ஊஞ்சலடியில் ஓர் அடி ஆழத்துக்கு மணல், அதன் அடியில் கான்கிரீட் இல்லாமல். உடற்பயிற்சிக் கருவிகளின் போல்ட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை முடுக்கி, பேரிங்குக்கு கிரீஸ் வையுங்கள்.

மனுவும் பணமும்

"பூங்காவை மேம்படுத்தித் தருமாறு வேண்டுகிறோம்" என்ற மனு கோப்பில் தூங்கும். இப்படி எழுதுங்கள்: "ஐயா, வார்டு எண் இது, பூங்கா இது. தென்கிழக்கு மூலை கேட் மட்டத்தைவிட 15 செ.மீ. தாழ்வு. மழை நின்று 24 மணி நேரம் கழித்தும் 40 சதுர மீட்டரில் நீர் நிற்கிறது. படங்கள் 1 முதல் 4. மூன்றடி உறைகிணறு ஒன்றும் வண்டல் தொட்டியும் அமைக்க எஸ்டிமேட் தயாரிக்கக் கோருகிறோம்." உதவிப் பொறியாளருக்கு இதை வைத்து மறுநாளே அளவெடுக்க வர முடியும். நகல் கவுன்சிலருக்கு. வார்டின் பகுதி சபைக் கூட்டத்தில் இதையே படித்து, கூட்டக் குறிப்பில் பதிவாகிறதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

குடியிருப்போர் சங்கத்தால் பணம் திரட்ட முடிந்தால் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மக்கள் கட்டினால் மீதியை அரசு தரும். தண்ணீர், பாதை போன்ற ஒருமுறைச் செலவுக்கு இது பொருத்தம். தினசரிப் பராமரிப்புக்கு இதை நம்ப வேண்டாம்.

சருகு, நோட்டு, முதல் மழை

சருகை எரிக்க விடாதீர்கள். பத்தடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழத்தில் தொட்டி இரண்டு போதும். ஓரடிச் சருகு, மேலே சாணக் கரைசல், ஒரு கூடை மண் என்று அடுக்கி ஈரமாக வைத்து, பதினைந்து நாளுக்கொருமுறை கிளறினால் மூன்று நாலு மாதத்தில் உரம். கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் நாறும், சொட்டே வராவிட்டால் மக்காது.

காவலாளி அறையில் ஒரு நீளநோட்டு தொங்கட்டும். தேதி, என்ன பழுது, யாரிடம் சொன்னோம், புகார் எண், எப்போது சரியானது. வண்டல் தொட்டியைத் தூர்வாருவது ஆவணியிலும் மார்கழியிலும். ஓரக்கல் சோதனை தை மாதம், மண் இறங்கியது அப்போதுதான் வெளியே தெரியும்.

வேலை முடிந்த ஆண்டின் முதல் பெருமழை விட்டவுடன் பழைய வரைபடத்தையும் சுண்ணாம்புப் பையையும் எடுத்துக்கொண்டு மறுபடி போய்க் குட்டைகளைக் குறியுங்கள். புதிதாக ஒன்று முளைத்திருந்தால் படத்தோடு ஒப்பந்ததாரருக்கு எழுதுங்கள். பழுதை ஒப்பந்ததாரரே சரிசெய்து தர வேண்டிய பழுதுப் பொறுப்புக் காலம் எதுவரை என்பது பணி ஆணையிலேயே இருக்கும், அது முடியுமுன் கடிதம் போய்ச் சேர வேண்டும்.